கம்புக்கு முன்னால் கால்

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "மேடையில பாத்தது போதும், எங்க ஊரு ஆத்தங்கரைக்கு வாங்க" என்று என்னைச் சேரன்மகாதேவிக்கு அழைத்தார். தாமிரபரணிக் கரையோர வெட்டவெளியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றார்கள். ஒருவர் கையிலும் கம்பு இல்லை.

ஆசானுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பகலில் வாழைத்தோட்ட வேலை, பொழுது சாய்ந்தால் இந்தக் களம். "ஏலே, மொதல்ல காலு படியட்டும். கை தானா வரும்" என்று அதட்டுகிறார். பிள்ளைகள் முன்னேறி, திரும்பி, பின்வாங்கி, மணலில் அடி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதுதான் காலடி வரிசை.

அவருடைய கம்பு வேப்பமரத்தில் சாய்ந்திருந்தது. நட்டு நிறுத்தினால் நெற்றியைத் தொடும் பிரம்பு. தணலில் வாட்டி நெளிவெடுத்து, எண்ணெய் தடவி, ஆற்றுத் தண்ணீரில் அடித்து அடித்துப் பதமாக்கியது. அவர் அப்பா வைத்திருந்தது பொதிகைப் பக்கத்து மலைப்பிரம்பு. இன்று அந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே பிரம்பு வெட்டக் கூடாது, அதுதான் நியாயமும். இப்போது கடைப்பிரம்புதான்.

இந்தக் கம்பு தப்பிப் பிழைத்த கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மன் உத்தரவிட்டார். வாளையும் வேலையும் வாங்கிக்கொள்ளலாம். மாடு மேய்ப்பவர், வரப்பில் நடப்பவர் கையில் இருக்கும் கம்பை எப்படிப் பறிப்பது? கோயில் கொடைகளில் ஆட்டமாகவும் அது உயிர் பிடித்துக்கொண்டது.

ஆசானுக்கு வர்மமும், அதாவது உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய கலையும், தெரியும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. அடிபட்டு விழுந்தவரை எழுப்பும் இடங்களுக்கு அடங்கல் என்று பெயர். "எழுப்பத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லித் தரப்படாது தம்பி."

களத்தில் இறங்கும் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணைத் தொட்டுக் கும்பிட வேண்டும். இதே ஊரில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டது 1925இல் தமிழகத்தையே கொந்தளிக்க வைத்தது. ஆசானின் களத்தில் அப்படியொரு கோடு இல்லை.

ஆனால் வேறொரு கோடு விழுந்துகொண்டிருக்கிறது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது நல்ல செய்தி. அதைக் காட்டிக் காசு பறிக்கும் கூட்டமும் கூடவே முளைத்துவிட்டது. நுழைவுக் கட்டணம், சீருடை, பதக்கம், சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் ஒரு விலை. களத்தில் நின்ற சிறுமி ஒருத்தியின் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணத்தை ஒரு போட்டிக்குக் கட்டியிருக்கிறார். வந்த சான்றிதழ் எங்கும் செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது. கம்பைச் சுழற்றிக் காட்ட மூன்று மாதம் போதும். அடங்கல் கற்க ஆண்டுகள் ஆகும், அதற்குப் பதக்கம் கிடையாது. தரகர்கள் கூறு போட்டு விற்பது பல தலைமுறைகளின் பொறுமையை. கற்றுக்கொடுத்தவருக்கு வெற்றிலை பாக்கோடு வரும் தட்சணைதான் மிச்சம்.

இருட்டத் தொடங்கியது. ஆசான் கம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாத்தா, நாளைக்காவது கம்பு தருவீங்களா?"

அவர் குனிந்து, மணலில் அவள் வைத்த அடிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.