செசியும் பொடியும்

அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருக்கிறது. அறுபது எழுபது வருடத்துக்கு முந்திய பிக்கப் ஒன்றை ஏதாவதொரு பண்ணைக் கொட்டிலிலிருந்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அதன் பொடியை மட்டும் கழற்றி, நேற்றுவரை தெருவில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு வாகனத்தின் செசிக்கு மேல் இருத்திவிடுவார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது 1950ஆம் ஆண்டின் வாகனம். பிரேக்கை மிதிக்கிறவர் காலுக்கு 2000ஆம் ஆண்டின் வாகனம்.

எல்லா வாகனத்துக்கும் இதைச் செய்ய முடியாது. நமது தெருக்களில் இன்னும் ஓடும் மொரிஸ் மைனர் காருக்குத் தனியான செசி என்று ஒன்றில்லை. பொடியே அதன் எலும்பும் தோலும். ஆனால் அதே மைனரின் வேனுக்கும் பிக்கப்புக்கும் கீழே தனிச் செசி உண்டு. பாரம் ஏற்றவென்று செய்த வாகனங்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஏணி மாதிரி இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில சட்டங்கள். இஞ்சின், கியர் பொக்ஸ், வில்லு, சக்கரம் எல்லாம் அதில். அதற்கு மேல் ரப்பர் வைத்து போல்ட்டால் இறுக்கப்பட்ட பெட்டிதான் பொடி. போல்ட்டைக் கழற்றினால் இரண்டும் இரண்டாகிவிடும். பழைய ஷெவர்லே பிக்கப்புகளுக்கு அதே கம்பனி 1982 முதல் 2004 வரை விற்ற எஸ்-10 என்ற சிறிய பிக்கப்பின் செசியை எடுப்பார்கள். ஃபோர்ட் எஃப்-100 வைத்திருப்பவர்கள், பொலிஸ் காராகவும் டாக்சியாகவும் ஓடி ஓய்ந்த ஃபோர்ட் கிரவுண் விக்டோரியாவைத் தேடுவார்கள்.

இந்த வேலையை நான் அமெரிக்காவில் பார்க்கவில்லை. 2004 முதல் 2011 வரை சார்ஜாவில், எங்கள் ஆட்கள் சனாயா என்று சொல்லும் கைத்தொழில் பகுதியில், ஒரு பட்டறையில் டிங்கர் வேலை செய்தேன். வண்டி வேலையில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் பெஷாவர்க்காரர் ஒருவர். உஸ்தாத் என்றுதான் அழைப்போம். 2008இல் அந்நாட்டுக்காரர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கிய 1951ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 பிக்கப்பை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாலைவனப் பக்கத்து வண்டி என்பதால் துருக் குறைவு. முகப்பில் ஐந்து கிடைக்கம்பிகள், நடுவில் பிரிந்த முன் கண்ணாடி, வீங்கிய மட்கார்டுகள். பொடிக்கு நாங்கள் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. கீழே இருந்ததுதான் பிரச்சினை.

அந்த வண்டியை அமெரிக்கர்கள் 1947 தொடக்கம் 1955 வரை செய்தார்கள். ஆறு சிலிண்டர், 216 கன அங்குல இஞ்சின், தொண்ணூறு சொச்சம் குதிரைவலு. முன்னுக்கும் பின்னுக்கும் ஒற்றை அச்சு, அதன் கீழ் பட்டை வில்லு. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அவை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு இடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். ஸ்டேரிங் தண்டு வளைவில்லாத ஒரே இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை முன்னச்சின் பக்கம், மறு முனை சாரதியின் நெஞ்சுக்கு நேரே. பெற்றோல் டாங்கி ஆசனத்துக்குப் பின்னால், கெபினுக்கு உள்ளேயே. மின்சாரம் ஆறு வோல்ட். சாவியைத் திருப்பிவிட்டுக் காலால் ஒரு மிதியை அழுத்தித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

உரிமையாளர் கேட்டது இதுதான்: முகம் அப்படியே இருக்க வேண்டும், கீழே எல்லாம் புதிதாக வேண்டும். உஸ்தாதுக்கு அது பிடிக்கவில்லை. பழைய செசியைச் சுத்தம் செய்து, பிரேக்கை மட்டும் மாற்றி, அதே இஞ்சினோடு கொடுத்துவிடலாம் என்றார். “செசி போனால் வண்டி போச்சு. பிறகு நீ வைத்திருப்பது அதன் தோலைத்தான்” என்று உருதுவில் சொன்னார்.

எனக்கு அந்த வார்த்தை புதிதல்ல. எங்கள் வாப்பா ஓடாவி. கல்முனைப் பக்கத்தில் நெல்லேற்றும் பெட்போர்ட் லொறிகளுக்குப் பொடி அடிக்கும் வேலை அவருடையது. அந்தக் காலத்தில் லொறி வாங்குவதென்றால் செசி வாங்குவதுதான். மேல் வேலை முழுதும் ஊரில் நடக்கும். முதிரைச் சட்டம் நிறுத்தி, பலகை அடித்து, பக்கக் கதவு பூட்டி, பெயின்ட் அடித்து, நெற்றியில் முதலாளி சொன்ன பெயரை எழுதி விடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்து பலகை உக்கினால் பொடியைக் கழற்றி விறகுக்குப் போட்டுவிட்டு, அதே செசியில் புதிதாக ஒன்றை அடிப்பார்கள். சின்ன வயதில் ஒரு லொறியின் பொடியைப் பிரிக்கும்போது எனக்குக் கவலையாக இருந்தது. வாப்பா சொன்னார்: “லொறியெண்டா செசிதான் மனே. பொடி நம்மட சட்டை மாதிரி. கிழிஞ்சா மாத்திப் போடுறதுதான்.”

எங்களூரில் செசி பழசு, பொடி புதுசு. சார்ஜாவில் என் முன்னால் கிடந்ததோ நேர் எதிரான காரியம். உஸ்தாதும் வாப்பாவும் ஒரே கட்சி. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் சம்பளக்காரனிடம் யார் கேட்பார்கள்?

செசிக்கு நாங்கள் பிடித்தது ஷெவர்லே டாஹோ ஒன்று. 2002ஆம் ஆண்டு வண்டி. புரண்டு கூரை நசுங்கி, பழைய உதிரிப்பாகச் சந்தையில் கிடந்தது. அதைத் தேர்ந்ததற்குக் காரணம் ஓர் அளவு. 3100இன் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே 116 அங்குலம். டாஹோவுக்கும் அதே 116 அங்குலம். ஐம்பது வருட இடைவெளியில் செய்த இரண்டு வண்டிக்கு இப்படி ஒரு பொருத்தம். இது இல்லாவிட்டால் செசியை நடுவில் வெட்டிக் குறுக்கவோ நீட்டவோ வேண்டும். அது வெல்டிங்கில் உயிரை வைக்கிற வேலை.

மூலைக்கு மூலை அளந்து செசி நேராக இருப்பதை உறுதி செய்தோம். கெபினைத் தூக்கு முன் இரு கதவு இடைவெளிக்கும் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்ட் பண்ணினோம். பழைய கெபின் கீழே பிடிமானம் இல்லாமல் தொங்கினால் வளைந்துபோகும். பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாகப் பூட்டாது. தூக்கி இருத்திய பிறகுதான் தெரிந்தது, பொருந்தியது நீளம் மட்டும் என்று. புதிய செசி அகலம். சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. நான்கு மட்கார்டையும் நெடுக்காகப் பிளந்து நடுவில் தகடு வைத்து அகட்டினோம். வெளியிலிருந்து பார்த்தால் பிளந்தது தெரியக்கூடாது. என்னுடைய நான்கு கிழமை அதிலேயே போயிற்று. எட்டு சிலிண்டர் இஞ்சினுக்கு இடம் போதாமல் கெபினின் முன் சுவரை வெட்டி உள்ளே தள்ளினோம். கியர் பொக்ஸுக்காக நிலத்தகட்டை உயர்த்தினோம். பழைய பொடியின் காதுகள் ஒன்றுகூடப் புதிய செசியின் துளைகளுக்கு நேரே வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தாங்கி செய்து ரப்பர் வைத்தோம்.

பின்பக்கத்தில் இன்னொரு சிக்கல். டாஹோவின் செசி பின்னச்சுக்கு மேலே வில்லாக வளைந்து போகிறது. அதனால் பாரப்பெட்டியின் தளத்தை உயர்த்த வேண்டியதாயிற்று. அந்தத் தளம் மரப் பலகை. பலகைக்குப் பலகை நடுவே இரும்புப் பட்டி. பட்டறையில் மரவேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். சீவுளியைக் கையில் எடுத்தபோது சனாயாவின் அந்தப் புழுதிக்குள் மரவாசம் வந்தது. பலகை பொருத்தும்போது மழைநீர் வழிய எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். மழையே இல்லாத ஊரில் அந்த அளவைத்தான் விட்டேன்.

வேலை பாதியில் இருக்கும்போது உரிமையாளர் தன் தகப்பனாரை ஒருநாள் கூட்டி வந்தார். எண்பதை நெருங்கும் வயது, கைத்தடி. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. 1950களில், இவர்களுடைய ஊரில் எண்ணெய் வருவதற்கு முன்பு, இளைஞர்கள் பிழைப்புக்காகக் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள், பின்னாளில் நாங்கள் இவர்களிடம் வந்ததைப் போல. பெரியவர் குவைத்தில் சாரதி. இதே மாதிரி வண்டியைத்தான் ஓட்டினார். அங்கே பிக்கப்புக்கு ‘வானெத்’ என்று பெயர். அவர் ஓட்டிய வண்டி எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. மகன் வாங்கி வந்தது அதன் முகத்தை.

உஸ்தாத் விடவில்லை. கழற்றி மதிலோரம் சாத்தியிருந்த பழைய செசியைக் காட்டி, இதையே திருத்தித் தந்திருக்கலாம், உங்கள் மகன்தான் கேட்கவில்லை என்று முறையிட்டார். பெரியவர் அந்தச் செசியின் பக்கம் போனார். அதில் இன்னும் பூட்டியபடி இருந்த ஸ்டேரிங் தண்டைக் கைத்தடியால் தட்டினார். எனக்கு விளங்கிய அரபியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: ஒரே அறையில் அவரோடு தங்கியிருந்த கூட்டாளியும் சாரதிதான். ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் நின்ற லொறியில் மோதினான். வண்டிக்குப் பெரிய சேதமில்லை. இந்தத் தண்டு அவன் நெஞ்சில் ஏறியிருந்தது. மையித்தை எடுக்கத் தண்டை அறுக்க வேண்டியிருந்தது. அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதிப்போட்டது இவர்தான்.

“முகம் நல்ல முகம். அதை வையுங்கள். இதை நான் என் பேரப்பிள்ளைகள் ஏறுகிற வண்டியில் பார்க்க விரும்பவில்லை” என்றார். உஸ்தாத் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நானும் அதற்குப் பிறகு வாப்பாவின் வார்த்தையை வேறுமாதிரி யோசிக்கத் தொடங்கினேன். செசிதான் வண்டி என்று வாப்பா சொன்னது, அவர் காலத்தில் நம்பக்கூடிய பகுதி அதுவாக இருந்தபடியால். பலகை உக்கும், பெட்போர்ட்டின் இரும்பு நிற்கும். பெரியவருக்கு நம்பமுடியாமல் போனதே அந்த இரும்புதான். அவரவர் எதை நம்பி உயிரை ஏற்றினார்களோ, அதைக் கொண்டே பழசில் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தார்கள். பழையது எல்லாம் மூலப்படியே இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களைப் பின்னாளில் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பலர் அந்த வண்டியை ஒரு நாளாவது பாரமேற்றி ஓட்டியவர்கள் அல்லர்.

ஆனாலும் உஸ்தாதின் கேள்வி முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. 3100இன் இலக்கத் தகடு கெபினில், சாரதிப் பக்கக் கதவின் தூணில் பதித்திருக்கும். டாஹோவின் இலக்கம் அதன் செசியிலும் வெட்டியிருக்கிறது. வேலை முடிந்தபோது ஒரே வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். அமெரிக்காவில் இப்படியானவற்றைப் பதிவுசெய்ய மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு சட்டம். சில இடங்களில் பழைய வண்டியாக ஏற்காமல், ஒன்றுசேர்த்த வண்டி என்று தனி வகையில் போடுகிறார்கள். நம் நாட்டில் பதிவுப் பத்திரத்தில் செசி இலக்கமும் இஞ்சின் இலக்கமும் இருக்கும். அப்படிப் பார்த்தால் சட்டம் வாப்பாவின் கட்சி. முகத்துக்கு அங்கே இலக்கமில்லை.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கும்வரை, ஓடாத பழைய வாகனங்களுக்கும் விலை ஏறிற்று. அந்த வருடங்களில் என்னிடம் வந்த இளைஞர்கள் சிலர் மொரிஸ் பிக்கப், ஒஸ்டின் பிக்கப் என்று படம் காட்டி, “காக்கா, இதை ஜப்பான் செசியில ஏத்தேலுமா?” என்று கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். ஏலும் என்றுதான் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் எழுத்தில் கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். இரண்டு சக்கர மையத்துக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளந்து வரச் சொல்கிறேன். பிறகு, அந்த வண்டியை முன்பு ஓட்டியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரையும் ஒருதரம் கூட்டி வரச் சொல்கிறேன். இந்த மூன்றாவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் தன் மூத்தாப்பாவைக் கூட்டி வந்தார். மூத்தாப்பா வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவின் கைபிடி ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. மற்றதெல்லாம் எங்கள் விருப்பம் என்றார்.