ஆயா படுத்த கல்

கத்திரி தொடங்கிவிட்டால் ஆயா பாய் விரிக்கமாட்டாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் தூணுக்குப் பக்கத்துக் கல்லை முந்தானையால் தட்டிவிட்டு, கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவாள். நான் அவள் முதுகோடு ஒட்டிக்கொள்வேன். கன்னம் சில்லென்று இருக்கும். படுத்த இடம் சூடேறியதும் அடுத்த கல்லுக்கு உருண்டு போவேன். ஆற்காட்டு வெயிலுக்கு அந்தக் கூடம்தான் எங்களுக்குக் குளம்.

கடப்பா கல். தாத்தா ஆந்திராவிலிருந்து லாரியில் வரவழைத்து, சுண்ணாம்புச் சாந்தில் பதித்தது. கருப்பு என்று சொல்கிறோம். துடைத்த ஈரம் காய்வதற்குள் பார்த்தால் கருநீலம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான் இறுகி இந்தக் கல்லானது என்று பின்னாளில் படித்தேன். கிரானைட்டோடு சேர்த்து இதையும் கருங்கல் என்று நினைப்பவர்கள் உண்டு. கிரானைட் புளிப்புக்கு அசையாது. இது எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலே நுரைக்கும்.

ஆயாவுக்கு அது தெரியும். புளி கரைக்கும் சட்டியைத் தரையில் வைக்க விடமாட்டாள். "புளித்தண்ணி பட்டா கல்லு வெளுத்துப்பூடும்டி, பலகைமேல வை" என்பாள். மோர் சிந்தினால் அப்போதே துடைத்தாக வேண்டும். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் தேங்காயெண்ணெய் நாலு சொட்டு பழந்துணியில் விட்டு ஒவ்வொரு கல்லாகத் தேய்த்து, பிறகு காய்ந்த துணியால் எண்ணெய் கையில் ஒட்டாமல் போகும்வரை துடைப்பாள். அரை நாள் வேலை. தேய்க்கும்போது அவள் வளையல் கல்லில் உரசும் சத்தம் திண்ணைவரை கேட்கும்.

தங்கை மகளின் நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் என்று முடிவானபோது எனக்கு அந்தத் தரை கண்ணில் உறுத்தியது. நரைத்துக் கிடக்கிறதே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. கடையில் சீலர் டப்பா கொடுத்தார்கள். ஈரத்தில் நனைந்ததுபோல் எப்போதும் பளபளக்கும் என்றார்கள். ஐப்பசி மாதம். காலையில் தரையைக் கழுவி, மாலையிலேயே ஆள் வைத்துப் பூசினோம். ஒன்றுக்கு இரண்டு கோட்டு. தொட்டுப் பார்த்த கைக்குக் கல் காய்ந்திருந்தது. உள்ளே காயவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று கூடம் கண்ணாடிபோல் இருந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். கார்த்திகை மழை பிடித்ததும் கற்களின் ஓரத்தில் வெள்ளையாகத் தேமல் படர ஆரம்பித்தது. குளியலறை வாசலில் தோல் உரிவதுபோல் படலம் உரிந்தது. அம்மா ஈரக்காலோடு வந்து வழுக்கி, நல்லவேளையாகத் தூணைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் என்னால் அந்த நொடியை நிதானமாக நினைக்க முடியவில்லை.

பழைய வீட்டுக்குத் தரைக்கடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போட்டிருக்கமாட்டார்கள். மண்ணின் ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாக ஏறி, கல் வழியாக ஆவியாகிப் போகும். அதன் வழியை நாங்கள் மூடிவிட்டோம். மேலே வர முடியாத ஈரம் படலத்துக்கு அடியில் நின்று அதை வெளுக்க வைத்தது. ஈரத்தோடு வந்த உப்பு அங்கேயே பூத்துப் படலத்தைத் தள்ளியது. கல்லுக்குள் ஊறி நீரை விலக்கி, ஆவியை மட்டும் விடுகிற சீலர் ஒன்று உண்டு. மேலே அக்ரிலிக் தோலாக நிற்பது வேறு. எங்களுக்கு வந்தது இரண்டாவது.

அதற்குமேல் நான் செய்ததுதான் பெரிய தவறு. யார் பேச்சையோ கேட்டு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வாசலோரக் கல்லில் ஊற்றினேன். சீலர் அசையவே இல்லை. சீலர் உரிந்திருந்த இடத்தில் கல் புஸ்ஸென்று பொங்கியது. கழுவிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு. ஆயா புளிச்சட்டியைப் பலகைமேல் வைத்த வீடு அது.

பாலிஷ் போடுகிற பெரியவர் வாலாஜாவிலிருந்து வந்தார். முதலில் கதவு மறைவில் குந்தி, தின்னரில் நனைத்த பஞ்சைக் கல்மேல் வைத்து, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை சும்மா இருந்தார். பஞ்சை எடுத்தபோது படலம் பிசுபிசுத்தது. "இது கரையுங்க்கா. மேல பூசி சரிபண்ற வேலையே கிடையாது. பூசினத எடுக்கணும்" என்றார். சாமி விளக்கை அணைக்கச் சொன்னார். கேஸை மூடச் சொன்னார். ஜன்னல் எல்லாம் திறந்தாயிற்று. நான்கு நான்கு கல்லாகப் பெயிண்ட் ரிமூவர் தடவி, காயாமல் இருக்க பாலிதீன் மூடி, பிறகு பிளாஸ்டிக் தகட்டால் வழித்தார். இரும்பைக் கல்லருகே கொண்டுவரவே இல்லை. வழித்தது பழுப்பாக, சீம்பால் திரிந்ததுபோல் வந்தது. இரண்டு முறை தடவ வேண்டியிருந்தது.

கழுவியபின் தரையைச் சும்மா விடச் சொல்லிப் போய்விட்டார். தை போய் மாசி போயிற்று. இரவில் பாலிதீன் துண்டைக் கல்லில் நாலு பக்கமும் டேப் ஒட்டி வைப்பேன். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது கோக்காமல் போனது பங்குனியில்தான்.

பிறகுதான் பெரியவர் மெஷினோடு திரும்பி வந்தார். வைரத்தூள் பதித்த பட்டைகள், தண்ணீர் விட்டு, 100-ஆம் நம்பரில் தொடங்கி 200, 400. கருஞ்சேறு ஓடியது. ஆசிட் தின்ற கல்லுக்கு 50-இலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தடம் இப்போதும் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். 400-க்கு மேல் வேண்டாம் என்றேன். கண்ணாடிப் பளபளப்பை ஒருமுறை பார்த்தாயிற்று.

அம்மிக்கு எதிரே ஒரு கல் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். ஆயா உட்கார்ந்து அரைத்த இடம். மெஷினை ஓட்டி மட்டம் பண்ணிவிடலாம் என்றார் பெரியவர். நான் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, மெஷினை ஒதுக்கி வைத்துக் கையாலேயே தேய்த்தார்.

சமையலறைக் கற்களுக்கு மட்டும் உள்ளே ஊறும் சீலர், மெல்லிசாக ஒரு கை, மிச்சத்தைக் காய்வதற்குள் துடைத்து. கூடத்துக்கு ஒன்றுமில்லை. அம்மா கத்திரியில் தூணுக்குப் பக்கத்தில் தலையணை மட்டும் போட்டுப் படுக்கிறாள்.

வீட்டில் பழைய கடப்பா தரை வைத்திருப்பவர்களே, எந்த டப்பாவைத் திறந்தாலும் கதவு மறைவில் ஒரு கல்லில் மட்டும் பூசி, ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள்.