செம்பியும் நெத்திலித் தலைகளும்

சில திங்களாக இப்பக்கத்தில் நான் ஒன்றும் எழுதாததற்குத் தேர்வுத்தாள் திருத்தும் பணியே காரணமென நண்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். உண்மைக் காரணத்திற்கு நான்கு கால்கள். பெயர் செம்பி.

2024 ஆகஸ்ட் இறுதியில், கமுண்டிங் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் அவளைக் கண்டெடுத்தவர், தெருநாய்களுக்கு உணவிட்டு வரும் ஒரு சீன மூதாட்டி. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு அறுந்து கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம். நிலையாக வளர்ப்பவர் கிடைக்கும் வரை யாரேனும் வைத்திருக்க வேண்டும் என்றார். தைப்பிங்கில் எங்கள் வீடு வேலியுள்ள தரைவீடு. மூன்று வாரந்தானே என்று ஒப்புக்கொண்டேன். விலங்கு மருத்துவர் உண்ணிக் காய்ச்சலைக் கண்டறிந்து, 28 நாளுக்கு டாக்சிசைக்கிளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குள் வந்தவள் நேராகத் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் புகுந்தாள். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. யாரேனும் நெருங்கினால் விழியின் வெண்மை தெரியும், உதட்டை நக்குவாள், கொட்டாவி விடுவாள். பாவம், தூக்கம் போலும் என்று நான் இரங்கினேன். அச்சத்திலும் நாய் கொட்டாவி விடும் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

ஆசிரியர் புத்தி எங்கே போகும்? தாளெடுத்துப் பாடத்திட்டம் வரைந்தேன். முதல் வாரம் கையிலிருந்து உண்ணல், இரண்டாம் வாரம் கயிற்றில் நடத்தல். பத்தாம் நாள் கழுத்துப்பட்டியில் கயிற்றைக் கோத்து மெல்ல இழுத்தேன். சுருக்கில் சிக்கிய கழுத்தல்லவா அது? இதை அன்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவள் தரையோடு தரையாகப் படுத்தாள். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தாள். பின்னோக்கி நெளிந்து பட்டியை உருவிக்கொண்டு மூலைக்கு ஓடினாள். அதன்பின் நான்கு நாள் என் கண்ணெதிரே ஒரு பருக்கைகூட உண்ணவில்லை.

மூதாட்டியிடம் தொலைபேசியில் புலம்பினேன். "பெலான்-பெலான், சிகு," என்று சிரித்தார். கழுத்தில் மாட்டாதே, மார்பைச் சுற்றும் வார்ப்பட்டை வாங்கு. எதிரே நிற்காதே, பக்கவாட்டில் அமர். தலைக்கு மேல் கையைக் கொண்டு போகாதே என்றார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எதையும் குறித்துக்கொள்ளாமல் செய்து காட்டியவர் என் அம்மா.

அம்மாவுக்கு அகவை எழுபத்தாறு. பால்மரம் வெட்டியவர், விடியலுக்கு முந்திய இருட்டில் நாய்கள் துணைவர நிரைக்குப் போனவர். மாலையில் பின்கட்டுப் படியில் அமர்ந்து நெத்திலி கிள்ளுவது அவர் வழக்கம். ஒருநாள் திரும்பியும் பாராமல் ஒரு தலையைப் பின்பக்கமாக வீசினார். இயந்திரத்தின் பின்னிருந்து ஒரு மூக்கு நீண்டது.

"அம்மா, அதுல உப்பு அதிகம். நாய்க்கு ஆகாது."

"டீச்சரம்மா, நீங்க உள்ள போங்க. அவள நீ பாக்காத. அவ உன்னப் பாக்கட்டும்."

இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: தலைகளை நீரில் ஊறவைத்து, உப்பு போக்கியே வீசுவது. நான் சமையலறையிலிருந்து தரை ஓடுகளை எண்ணினேன். முதல் வாரம் அம்மாவுக்கும் அவளுக்கும் இடையே ஏழு ஓடு, பிறகு ஐந்து, மழை கொட்டிய ஒரு மாலை, இடியின் போது இரண்டு. அக்டோபர் நடுவில் அம்மாவின் குதிகாலை நக்கிவிட்டு ஓடினாள். அம்மா அசையவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

இடையே வகுப்பில் ஒன்று நேர்ந்தது. இரண்டாம் ஆண்டில் வாய் திறவாத சிறுவன் ஒருவனை நாள்தோறும் எழுப்பி, "சத்தமாகப் படி" என்பேன். அவன் உதட்டை நக்கிக்கொள்வதை அம்மாதத்தில்தான் கண்டேன். எழுப்புவதை நிறுத்திவிட்டு, அவனருகே அமர்ந்து பயிற்சி நூல்களைத் திருத்தலானேன். மூன்றாம் வாரம் அவனாகவே என்னிடம் அழிப்பான் கேட்டான். அவ்வளவுதான்.

அக்டோபர் 31 தீபாவளி. முன்னிரவே வெடி தொடங்கிவிட்டது. செம்பி மீண்டும் இயந்திரத்தின் பின்னே நடுங்கினாள். இரண்டு மாத உழைப்பும் போயிற்று என்றே நினைத்தேன். அம்மா பாயைக் கொணர்ந்து, அவளுக்கு முதுகு காட்டி அமர்ந்து, மின்னல் பண்பலையை உரக்க வைத்தார். நள்ளிரவில் பார்த்தபோது நாயின் தலை அம்மாவின் பாதத்தின் மேல் இருந்தது. முன்பு நான்கு நாள் வெளிவராதவள், இம்முறை காலையிலேயே வந்து முறுக்குத் தட்டை முகர்ந்தாள். நவம்பரில் வார்ப்பட்டையுடன் வாயிற்கதவைத் தாண்டியபோது, என்னை இழுத்துக்கொண்டு போனவள் அவள்.

வளர்க்க ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது. ஈப்போவில் அமைதியான வீடு, ஏற்கெனவே ஒரு முதிய நாயும் உண்டு. நல்ல இடம், எனவே மறுக்க வழியில்லை. டிசம்பரில் வந்தார்கள். செம்பி ஒருகணம் தயங்கிவிட்டுத் தானாகவே மகிழுந்தில் ஏறினாள்.

அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே போனேன். படியில் அமர்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏறிட்டாளா?"

"அவளாவே ஏறிட்டாம்மா."

"உம்," என்றார். அருகே சிறு கிண்ணத்தில் தலைகள் நீரில் ஊறிக்கொண்டிருந்தன.