தகுதியை இந்த முறை இளவரசரிடம் கேட்டார்கள்

தகுதி என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழகிய சொல். கல்லூரிச் சேர்க்கை, வேலை, பதவி உயர்வு என்று எங்கே போனாலும் நமக்கு முன்பே அது போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். "கோட்டாவில் வந்தவனா?" என்று கேட்பவர்கள் எல்லோரும் நம்மிடம் கேட்பது இந்தத் தகுதியைத்தான். அதே கேள்வியை ஒரு மன்னர் குடும்பத்தைப் பார்த்து யாராவது கேட்டு நாம் கண்டதுண்டா? ஜெர்மனியில் கேட்டார்கள். சட்டத்திலேயே எழுதி வைத்துக் கேட்டார்கள். பறிபோன சொத்துக்கு இழப்பீடு கோரி வந்த அரச வாரிசிடம், "ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தபோது உங்கள் கொள்ளுத்தாத்தா யார் பக்கம் நின்றார்?" என்று கேட்டார்கள்.

அந்தக் கதையை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது எங்கோ நடந்த அரண்மனைச் சண்டை என்று நாங்களும் முதலில் கடந்து போகத்தான் பார்த்தோம். உள்ளே போகப் போகத்தான் அது நிலத்தையும் ஆவணத்தையும் நினைவையும் பற்றிய சண்டை என்று தெரிந்தது. அந்த மூன்றும் நம் சண்டைகள்.

குடும்பத்தின் பெயர் ஹோகன்சோலர்ன். பிரஷ்யாவை ஆண்டவர்கள், 1871 முதல் ஜெர்மனி முழுமைக்கும் பேரரசர்கள். முதல் உலகப் போரில் தோற்று, 1918 நவம்பரில் தொழிலாளர்களும் படைவீரர்களும் தெருவில் இறங்கியபோது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நெதர்லாந்துக்குத் தப்பிப் போனார். குடும்பச் சொத்துகளைப் புதிய பிரஷ்ய அரசு தன் பிடியில் எடுத்துக்கொண்டது. அப்படியும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ரயில் பெட்டிகளில் சாமான்கள் அவர் இருந்த இடம் தேடிப் போய்ச் சேர்ந்தன.

பிடியில் எடுத்த சொத்தை என்ன செய்வது? எது அரசுடையது, எது குடும்பத்தின் சொந்தச் சொத்து என்று பல ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். அப்போது கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து மக்களிடம் போனார்கள். முன்னாள் மன்னர்கள் அனைவரின் சொத்தையும் இழப்பீடு இல்லாமல் எடுத்து, வேலையற்றவர்களுக்கும், போரில் ஊனமுற்றவர்களுக்கும், போர் விதவைகளுக்கும், நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் கொடுங்கள் என்பது அவர்களின் சட்ட முன்வரைவு. 1926 ஜூன் 20 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 1.45 கோடிப் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். வாக்களிக்க வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால் அது செல்ல, நாட்டின் மொத்த வாக்காளர்களில் பாதிப் பேராவது ஆதரிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். அதற்குச் சுமார் 2 கோடி வாக்குகள் தேவை. எதிர்த்தவர்கள் வாக்களிக்கவே தேவையில்லை, வீட்டில் இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. பண்ணையார்களின் கிராமங்களில் அன்று வாக்குச்சாவடிக்குப் போகிறவன் யார் பக்கம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாக்கெடுப்பு தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் பிரஷ்ய அரசும் குடும்பமும் உடன்படிக்கை செய்துகொண்டன. பெரிய அரண்மனைகள் அரசுக்குப் போயின. ஏராளமான நிலமும் வேறு சில மாளிகைகளும் 1.5 கோடி மார்க் பணமும் குடும்பத்துக்குக் கிடைத்தன. போட்ஸ்டாம் நகரத்துச் செசிலியன்ஹோஃப் அரண்மனை அரசுடையது ஆனாலும், அதில் குடியிருக்கும் உரிமை பட்டத்து இளவரசர் குடும்பத்திடம் இருந்தது.

1945-இல் சோவியத் படைகள் வந்தன. கிழக்கு ஜெர்மனியில் 100 ஹெக்டேருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களின் நிலம் இழப்பீடு இல்லாமல் எடுக்கப்பட்டது. அந்தப் பகுதியில் இருந்த இந்தக் குடும்பத்தின் சொத்தும் போயிற்று. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது, 1945 முதல் 1949 வரை எடுத்த நிலங்களைத் திருப்பித் தருவதில்லை என்று முடிவானது. பதிலுக்கு 1994-இல் ஓர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. நிலத்தை இழந்தவர்களுக்கு ஓரளவு பணம் உண்டு. எடுக்கப்பட்ட கலைப்பொருள், தட்டுமுட்டுச் சாமான்களை மீட்கவும் வழி உண்டு. ஆனால் ஒரு விலக்கு இருந்தது. சொத்தை இழந்தவர் மனிதநேய நெறிகளை மீறியிருந்தாலோ, நாஜி ஆட்சிக்கோ கிழக்கின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கோ கணிசமான அளவில் துணைபோயிருந்தாலோ அவருக்கும் கிடையாது, அவருடைய வாரிசுக்கும் கிடையாது.

நாங்கள் தகுதி என்று சொன்னது இந்த விதியைத்தான். 1945-இல் சொத்தை இழந்தவர் வில்ஹெல்மின் மூத்த மகன், முன்னாள் பட்டத்து இளவரசர். அவரும் பெயரில் வில்ஹெல்ம்தான். 1932 குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஹிட்லருக்கு வாக்களிக்கப் போவதாக அவர் வெளிப்படையாக அறிவித்தார். தன் அறிக்கையால் ஹிட்லருக்கு 20 லட்சம் வாக்குகள் கிடைத்தன என்று பிற்பாடு தானே பெருமை பேசிக்கொண்டார். 1933 மார்ச் 21 அன்று போட்ஸ்டாமில் புதிய ஆட்சி தனக்குப் பழைய பிரஷ்யாவின் ஆசி இருப்பதாகக் காட்ட நடத்திய விழாவில் போய் நின்றார். ஸ்வஸ்திகப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்ட அவரது புகைப்படங்கள் இருக்கின்றன. அவருடைய தம்பி ஆகஸ்ட் வில்ஹெல்ம் 1930-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்.

இது 'கணிசமான துணை' ஆகுமா? இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான்கு வரலாற்று அறிக்கைகள் எழுதப்பட்டன. குடும்பத்தின் தரப்பில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கிறிஸ்டோபர் கிளார்க், இளவரசர் அவ்வளவு முக்கியமான ஆள் இல்லை என்று எழுதினார். பிறகு புதிய சான்றுகள் வந்ததும் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வோல்ஃப்ராம் பைட்டா ஒரு படி மேலே போய், இளவரசர் ஹிட்லரைத் தடுக்கத்தான் பார்த்தார் என்றார். அரசின் தரப்பில் எழுதிய பீட்டர் பிராண்ட், ஸ்டீஃபன் மாலினோவ்ஸ்கி இருவரும், துணைபோனார் என்பதில் சந்தேகமே இல்லை என்றார்கள். பிராண்டன்பர்க் மாநில அரசு சுமார் 12 லட்சம் யூரோ இழப்பீட்டை மறுத்தது. குடும்பத்தின் இன்றைய தலைவர் ஜார்ஜ் ஃபிரெட்ரிக் நீதிமன்றம் போனார்.

இதெல்லாம் பல ஆண்டுகள் மூடிய அறைக்குள் நடந்தது. 2019 கோடையில்தான் பத்திரிகைகள் வழியாக விஷயம் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான கலைப்பொருட்களோடு, செசிலியன்ஹோஃபிலோ வேறொரு மாளிகையிலோ வாடகை இல்லாமல் குடியிருக்கும் உரிமையும் குடும்பம் கேட்ட பட்டியலில் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் யான் ப்யோமர்மன் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளர் நான்கு அறிக்கைகளையும் இணையத்தில் போட்டு உடைத்தார். அதன்பின் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒப்பிடலாம் என்றானது. 2020 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு வரலாற்றாளர்களை அழைத்து விசாரித்தது. குடும்பம் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகள் மீதும் வரலாற்றாளர்கள் மீதும் வக்கீல் நோட்டீஸ்களும் வழக்குகளும் பாய்ந்தன. அவற்றையெல்லாம் தொகுத்து ஜெர்மன் வரலாற்றாளர் சங்கம் பொதுவெளியில் வைத்தது.

கடைசியில் 2023 மார்ச்சில் ஜார்ஜ் ஃபிரெட்ரிக் வழக்குகளைத் திரும்பப் பெற்றார். 2025 மே மாதம் கலைப்பொருட்கள் குறித்து ஓர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானவை அறக்கட்டளை வழியாக அருங்காட்சியகங்களிலேயே இருக்கும். சில குடும்பத்துக்குப் போகும். இளவரசர் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. சான்றுகள் பொதுவில் குவிந்தபின் வழக்கு தானாகவே பின்வாங்கியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ராஜாக்களிடமிருந்து பிடுங்கினால் சரி என்று கைதட்டுவது நம் நிலைப்பாடு இல்லை. சட்டத்துக்குக் கட்டுப்படாமல் யார் சொத்தையும் எடுக்கலாம் என்று அரசுக்குப் பழகிவிட்டால், முதலில் இடிபடுவது சேரிக் குடிசைதான். அரச வாரிசுக்கும் நீதிமன்றம் போக உரிமை உண்டு. நமக்குப் பிடித்தது அந்தக் கேள்வி: திருப்பிக் கேட்கிறாயே, அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு உன் குடும்பம் என்ன செய்தது? இந்தியாவில் மன்னர் மானியம் 1971-இல் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் ஒழிந்தது. அன்றைய வழக்கும் வாதமும் மானியம் தொடரலாமா கூடாதா என்பதைச் சுற்றியே நடந்தன. அரண்மனைக்கு வெட்டி வேலை செய்தவர்கள் யார், அவர்களின் கூலி எங்கே என்ற கேள்வி வாசற்படிகூட ஏறவில்லை.

ஜெர்மனியின் கேள்விக்கும் ஒரு வேலி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். அங்கே நடந்த வாதம் முழுக்க ஹிட்லர் காலத்தைப் பற்றியது. அதற்கு முன்பு, இதே பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆட்சியில், இன்று நமீபியா என்று அழைக்கப்படும் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் என்ன நடந்தது? 1904-இல் ஹெரேரோ மக்கள் எழுந்தபோது, ஜெர்மன் எல்லைக்குள் காணும் ஒவ்வொரு ஹெரேரோவையும் சுடச்சொல்லித் தளபதி ஃபொன் ட்ரோத்தா ஆணையிட்டார். மக்கள் பாலைவனத்துக்குள் விரட்டப்பட்டுத் தண்ணீர் இல்லாமல் செத்தார்கள். பெர்லின் பின்னர் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. மிஞ்சியவர்கள் வதைமுகாம்களுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே தளபதிக்குப் பேரரசர் உயரிய விருது கொடுத்தார். 1905 டிசம்பரில் பேரரசரின் ஆணைப்படி ஹெரேரோ மக்களின் நிலமும் கால்நடையும் பறிமுதல் ஆயின. பிறகு நாமா மக்களுடையதும் போயிற்று. ஆளுநர் அனுமதி இல்லாமல் அவர்கள் நிலமோ மாடோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி போட்டார்கள்.

இதுவும் பறிமுதல்தான். வாரிசுகள் இங்கேயும் இருக்கிறார்கள். ஹெரேரோ, நாமா பிரதிநிதிகள் 2017-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஜெர்மனி மீது வழக்குப் போட்டார்கள். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 2019-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021-இல் நடந்தது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டு, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ உதவி தருவதாகச் சொன்னது. ஆனால் அதை இழப்பீடு என்று அழைக்க மறுத்தது. இழப்பீடு என்று சொன்னால் உரிமை என்று ஆகிவிடும். நமீபியாவில் தனியார் பட்டா விவசாய நிலத்தில் சுமார் 70 விழுக்காடு இன்னும் வெள்ளையர் கையில் இருக்கிறது. பறிகொடுத்த பேரரசரின் வாரிசுக்குச் சட்டமும் மனுப் படிவமும் நீதிமன்றமும் இருந்தன. அந்தப் பேரரசரிடம் பறிகொடுத்தவர்களின் வாரிசுக்கு நன்கொடை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த இடைவெளியை நாங்கள் அலுவலக வாசல்களில் பார்த்திருக்கிறோம். 1892-இல் ஆங்கிலேய அரசு நம் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கூடாது என்பது அன்றே போட்ட நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். இன்றும் மனுவோடு போனால் "பதிவேடு கிழிந்துவிட்டது", "யூ.டி.ஆரில் பெயர் மாறிவிட்டது" என்ற பதில்தான். நிலத்தை வைத்திருப்பவர் எப்படி வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. நிரூபிக்கும் சுமை முழுதும் இழந்தவர் தலையில்.

மாணவத் தோழர்களே, ஜெர்மன் வழக்கில் எங்களுக்குப் பயன்பட்ட பாடம் எளிமையானது. அங்கே இளவரசரின் தகுதியை அளந்தது பழைய செய்தித்தாள், கடிதம், புகைப்படம், தேர்தல் அறிக்கை. அவற்றைத் தேடி எடுத்தவர்களும், மிரட்டலுக்குப் பயப்படாமல் பொதுவில் வைத்தவர்களும்தான் வழக்கை முடித்தார்கள். நம் ஊர் 'அ' பதிவேட்டிலும் பழைய செட்டில்மென்ட் ஏட்டிலும் டி.சி. நிலம் என்று ஒரு குறிப்பு எங்கோ இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் வாங்குங்கள். பாட்டிகளும் தாத்தாக்களும் உயிரோடு இருக்கும்போதே, எந்த வயல் யாருடையது, யார் மிரட்டி எழுதி வாங்கினார் என்பதைச் சர்வே எண்ணோடு எழுதி வையுங்கள். ஒரே நகலாக ஓரிடத்தில் வைக்காதீர்கள். பல பேர் கையில் இருக்கட்டும். அடுத்த முறை ஒருவர் நம்மிடம் தகுதி கேட்டு வரும்போது, அந்த ஏட்டைத் திறந்து, முதலில் அவர் காலடி நிலத்தின் கதையைக் கேட்போம்.