ஹால் பெருசு, பெட்டி சிறுசு

சென்னை ரிச்சி தெருவின் சந்தடியை விட்டுக் குறுகலான படியேறிப் போனால், இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்த டெமோ அறை. சுவர் முழுக்கத் துணி ஒட்டிய பலகை, தரையில் கனத்த கம்பளம், நடுவில் ஒரே ஒரு சோபா. கதவைச் சாத்தியதும் கீழே நடக்கிற பேரம் எதுவும் காதில் விழவில்லை. விற்பனைப் பையன் விளக்கை அணைத்துவிட்டு ஓர் ஆங்கிலப் படத்தின் சண்டைக் காட்சியை ஓடவிட்டார். ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலே பறந்து போனது. மாமாவின் கை சட்டைப் பைப்பக்கம் போவதைப் பார்த்தேன்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். வண்டலூர் தாண்டி அவர் கட்டியிருக்கும் புது வீட்டில் பெயிண்ட் வேலை பாக்கி நிற்கிறது. ஹாலுக்கு ஒரு சவுண்ட்பார் பார்க்கத்தான் இந்த அலைச்சல்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்து அறையை அளந்தேன். 14 அடிக்கு 10 அடி, உயரம் 9. ஆக 1,260 கன அடி. மாமா வீட்டு ஹால் 28 அடிக்கு 18 அடி, உயரம் 10. அதிலேயே 5,000 தாண்டிவிடுகிறது. டிவி சுவரிலிருந்து ஆறடி தள்ளி மேல்மாடி வரை திறந்த பகுதி தொடங்குகிறது. இடது பக்கம் சுவரே கிடையாது, நேராக டைனிங். எல்லாம் சேர்த்தால் 9,000 கன அடிக்கு மேல். இங்கே தலைக்கு மேல் பறந்த ஹெலிகாப்டர் அங்கே எந்தப் பக்கம் பறக்குமோ.

"ஆயிரம் வாட்ஸ் சார், தாங்கும்" என்றார் பையன். அட்டைப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தைப் படித்தேன். எல்லா ஸ்பீக்கரையும் கூட்டிப் போட்ட கணக்கு, அதுவும் 10 சதவீத ஒலிச்சிதைவில் அளந்தது. காது கூசும் அளவு கரகரப்பில் கிடைக்கும் வாட்ஸ் அது. இங்கே சோபா ஏழடியில் இருக்கிறது, வீட்டில் பதினான்கு அடி. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஹாலில் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும் என்பதால் அவ்வளவு போகாது. ஆனால் அந்த 6 டெசிபலை ஈடுகட்ட நினைத்தால் நாலு மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆயிரம், ஐந்நூறு என்ற பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

சண்டைக் காட்சியை மாற்றி நியூஸ் சேனல் விவாதம் வைக்கச் சொன்னேன். பையனுக்கு ஏமாற்றம்தான். கடைக்காரர்கள் குண்டு வெடிப்பதைப் போட்டுக் காட்டுவார்கள், வீட்டிலோ பத்தில் எட்டு நேரம் ஓடுவது பேச்சு. நாங்கள் கிளம்பும்போதே மாமாவின் அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "சீரியல்ல யாரு என்ன பேசுறான்னு புரிஞ்சா போதும்ப்பா, மத்தது உங்க இஷ்டம்." நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் அந்த விவாதம்தான் சரியான பரீட்சை. விலை குறைந்த 2.1 பாரில் எல்லாக் குரலும் ஒரே கூழாக வந்தது. நடுவில் பேச்சுக்கென்றே தனி ஸ்பீக்கர் வைத்த 3.1 பாரில் யார் என்ன சொல்கிறார் என்று பிரித்துக் கேட்க முடிந்தது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் முதலாவது மூன்றுக்குக் கீழே இருந்தால் பெரிய ஹாலுக்கு வேண்டாம் என்பேன். இரண்டாவது எண் சப்வூஃபர். மூன்றாவது, தலைக்கு மேலிருந்து வரவேண்டிய சத்தத்துக்கான ஸ்பீக்கர்கள்.

அந்த மூன்றாவது எண்ணுக்குத்தான் விலை எகிறுகிறது. தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி அட்மாஸ் 2012இல் தியேட்டருக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே 'சிவாஜி 3டி' அதில் வெளியானது. தியேட்டரில் கூரையிலேயே ஸ்பீக்கர் தொங்கும். சவுண்ட்பாரில் அப்படி முடியாது என்பதால், பாரின் மேல்பக்கம் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் சத்தத்தைக் கூரையில் அடித்து நம் பக்கம் திருப்புகின்றன. அதற்குக் கூரை தட்டையாக இருக்கவேண்டும். உயரம் ஏழரை அடியிலிருந்து 12 அடிக்குள் இருந்தால் உத்தமம், 14 வரை சமாளிக்கலாம் என்பது டால்பி சொல்லும் கணக்கு. சத்தம் பட்டுத் திரும்பவேண்டிய இடம் பாருக்கும் சோபாவுக்கும் ஏறக்குறைய நடுவில், அதாவது டிவியிலிருந்து ஏழடியில். மாமா வீட்டில் அந்த இடத்தில் கூரையே இல்லை, இருபதடி உயரத்துக்கு வெறும் வெளி.

"அப்போ அட்மாஸ் வேண்டாமா?" என்றார் மாமா, முகம் வாடி.

"கூரைல அடிக்கிற அட்மாஸுக்குக் காசு கொடுக்காதீங்க மாமா. அந்தக் காசை ஊஃபர்லயும் ரியர்லயும் போடுங்க."

பக்கவாட்டுச் சத்தத்துக்கும் இதே கதிதான். யமஹா 2004இல் கொண்டுவந்த ஒய்எஸ்பி-1இல் நாற்பது குட்டி ஸ்பீக்கர்களை வரிசையாக அடுக்கி, சத்தத்தைக் கற்றையாக்கிச் சுவரில் அடித்துத் திருப்பினார்கள். சுற்றிலும் சுவர் உள்ள அறையில் அது நிஜமாகவே ஜாலம் காட்டும். மாமா வீட்டில் இடது கற்றை டைனிங் வழியாகச் சமையலறைக்குப் போய்விடும், வலது கற்றை மட்டும் திரும்பி வரும். ஒரே பாரில் எல்லாம் முடிந்துவிடும் என்று விற்கப்படும் விலை உயர்ந்த பெட்டிகள் இந்த மாதிரி ஹாலில் தோற்பது இதனால்தான். பின்னால் நிஜமாகவே இரண்டு ரியர் ஸ்பீக்கர் உட்கார வேண்டும்.

கடை முதலாளி நல்ல மனிதர். டெபாசிட் வாங்கிக்கொண்டு, தனி ரியரும் 10 அங்குல ஊஃபரும் உள்ள ஒரு டெமோ செட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டுப் பார்க்கச் சொன்னார். பழகிய வாடிக்கையாளர்களுக்குச் சில கடைகள் இப்படிச் செய்கின்றன. பெரிய தொகை போடுகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்கலாம்.

வீட்டில் முதல் வேலையாக ஹாலில் நின்று கை தட்டினேன். 'டங்' என்று ஒரு வால் இழுத்தது. பளபள டைல்ஸ், வலது பக்கம் பெரும்பாலும் கண்ணாடிக் கதவு, சாமான் இல்லாத வெற்றுச் சுவர். நியூஸ் சேனலைப் போட்டால் கடையில் தெளிவாகக் கேட்ட அதே பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அக்கா பரணிலிருந்து பவானி ஜமுக்காளங்கள் இரண்டை இறக்கி டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் விரித்தாள். கண்ணாடிக் கதவில் பழைய கனத்த திரைச்சீலையை மாட்டினோம். வால் பாதி குறைந்தது. மாமாவின் அம்மா சோபாவில் வந்து உட்கார்ந்து, "இப்போ புரியுது" என்றார். ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து மேல் மாடல் வாங்கியிருந்தாலும் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

அடுத்து ஊஃபர். டிவிக்கு வலப்பக்க மூலையில் வைத்ததும் அலமாரியில் இருந்த கொலு பொம்மைகள் கடகடவென ஆடின. சோபாவில் உட்கார்ந்தால் மட்டும் தவிலின் அடி வயிற்றில் இறங்கவில்லை. பின்சுவருக்குப் போனால் காது அடைக்கிறது, டைனிங்கில் நன்றாக இருக்கிறது, சோபாவில் ஒன்றுமில்லை. ஊஃபரை அங்கே இங்கே நகர்த்தினோம். மாமா டைல்ஸில் மண்டியிட்டுத் தவழ்ந்தே போய் ஒவ்வோர் இடமாகக் காதை வைத்தார். சோபாவில் பெரிதாக மாற்றமில்லை.

காரணம் சோபா இருந்த இடம். 28 அடி நீளத்தில் சத்தம் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதி, 20, 40, 60 ஹெர்ட்ஸை ஒட்டித் தேங்கி நிற்கும். இதில் 20உம் 60உம் ஹாலின் நட்டநடுவில் காணாமல் போகும். மாமா அழகு பார்த்துச் சோபாவைச் சரியாகப் பதினான்காவது அடியில் போட்டிருந்தார். தவிலும் டிரம்ஸும் முட்டுகிற 60 ஹெர்ட்ஸ் அங்கே செத்துக் கிடந்தது. நாலு பேராகச் சோபாவைத் தூக்கி இரண்டடி பின்னால் போட்டோம். அதே பாட்டு, அதே ஊஃபர், அதே வால்யூம். அடி திரும்பி வந்தது. ஊஃபரையும் மூலையிலிருந்து சுவரோரமாக நாலடி இழுத்ததும் கொலு பொம்மைகள் அடங்கின.

ரியர் ஸ்பீக்கர்தான் கடைசித் தகராறு. 'வயர்லெஸ்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதற்குக் கரண்ட் வயர் வேண்டும். பாரிலிருந்து சத்தம் காற்றில் வருகிறது, கரண்ட் வராது. சோபா ஹாலின் நடுவில். வலப்பக்கச் சுவரில் பிளக் இருக்கிறது, இடப்பக்கம் சுவரே இல்லை. ஜேபிஎல் பார் 1000 மாதிரி, இரண்டு முனையையும் கழற்றிப் பின்னால் வைத்து பேட்டரியில் ஓட்டும் செட்டும் உண்டு. படம் முடிந்ததும் மறக்காமல் பாரோடு திரும்ப மாட்டிச் சார்ஜ் போடவேண்டும். இந்த வீட்டில் யார் மாட்டுவார்கள் என்று அக்கா கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது.

டிவிக்குப் பின்னால் ஒரு விஷயம் பார்த்தேன். எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில்தான், டிவியின் சத்தத்தைப் பாருக்கு அனுப்பும் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதியிருக்கும், பார் அதில்தான் போகவேண்டும். ஓடிடி படங்களுக்குச் சாதாரண ஆர்க் போதும். ப்ளூரே வைத்திருப்பவர்கள்தான் இ-ஆர்க் தேடவேண்டும். பழைய ஆப்டிகல் ஒயரை நம்பினால் 5.1ஓடு நின்றுவிடும்.

மாமா மேல் மாடலை விட்டுவிட்டார். தனி ரியரும் 10 அங்குல ஊஃபரும் உள்ள 5.1 செட் போதும் என்று முடிவாயிற்று. ரியரை அப்புறம் தனியாக வாங்கலாமா என்று கேட்டார். பொதுவாக அதே கம்பெனியின் குறிப்பிட்ட மாடல்தான் சேரும், பின்னால் அது கடையில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சேர்த்தே வாங்கச் சொன்னேன். எனக்கென்னவோ இந்த அளவு ஹாலுக்கு ஆம்ப்ளிஃபயர் தனி, ஸ்பீக்கர் தனி என்று போவதுதான் சரி என்று இன்னமும் தோன்றுகிறது. அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். டிவி யூனிட்டில் அதற்கு இடமில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பெயிண்டர் கடைசிக் கோட்டுக்குத் திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் சோபாவின் இடது முனைக்கு ஒரு பாயிண்ட் இழுக்கவேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, டைல்ஸைக் கொத்தவேண்டாம், டைனிங் தூணிலிருந்து ஸ்கர்ட்டிங் ஓரமாகப் பட்டி போட்டு இழுத்துவிடலாம் என்றார். தூணிலிருந்து சோபா வரைக்கும் நடப்பவர்கள் காலில் இடறுமே என்றாள் அக்கா. ஜமுக்காளத்துக்கு அடியில் விடலாமா, ஐந்து ஆம்ப் பிளக்கா பதினைந்தா என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்க, நான் டெமோ செட்டைத் திரும்ப அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். டெபாசிட் ரசீது மாமா பர்ஸில் இருக்கிறது.