காட்கோபரிலிருந்து இரு துறைமுகங்கள்

நம் காட்கோபரில் கடற்கரை இல்லை. கிழக்கே சேறும் அலையாத்திக் காடும் சூழ்ந்த தாணாக் கழி இருக்கிறது. ஆனால் அதில் பெருங்கப்பல் எதுவும் வாராது. ஆயினும் விரைவுச் சாலையை அடுத்துக் குடியிருக்கும் அன்பர்கள் இரவு பதினொரு மணிக்கு மேல் சாளரத்தைத் திறந்து பார்த்தால், நாற்பதடி இரும்புப் பெட்டியைச் சுமந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அவற்றுட் பல துறைமுகத்திலிருந்து வருபவை, அல்லது துறைமுகத்துக்குப் போகின்றவை. எந்தத் துறைமுகம் என்பதைத்தான், அத் தொழிலிலேயே முப்பத்தாறு ஆண்டுகள் உழன்ற நானும் அண்மையில் மறுபடி கற்றுக்கொள்ள நேர்ந்தது.

என் ஒன்றுவிட்ட தங்கையின் பேரன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். பி.காம். தேறியவன். ஊரிலேயே ஒரு தரகர் அவனைப் பிடித்துக்கொண்டு, "மும்பைத் துறைமுகத்திற்குள் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வேலை; நிரந்தரம்; குடியிருப்பும் உண்டு" என்று சொல்லி அறுபதாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். பையனின் தாய் தொலைபேசியில் என்னிடம், "மாமா, நீங்கள் துறைமுகத்திலேயே கிடந்தவர்கள். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், என் சங்கிலியை வைத்துப் பணத்தை அனுப்பிவிடுகிறேன்" என்றாள். நான் பணி ஓய்வு பெற்றது 2004-இல். அதன் பின் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஒரு பெண்ணின் சங்கிலியை அடகுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஆகவே வியாழக்கிழமை காலை பையனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

காட்கோபரில் ஏறி அடுத்தடுத்த நிலையங்களில் ஒன்றான குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் வண்டிக்கு மாறினோம். 'துறைமுகப் பாதை' என்பது வெறும் பெயரன்று. 1910-இல் குர்லாவிலிருந்து ரே ரோடு வரை இப் பாதையைப் போட்டதே கிழக்குக் கரையை ஒட்டிய கிடங்குகளையும் துறைகளையும் நாடித்தான். 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியதும் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இதே பாதையில்தான். வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்று நிலையங்களின் பெயரைப் படித்துக்கொண்டு வந்தாலே துறைமுகத்தின் பாதிச் சரித்திரம் விளங்கிவிடும். காட்டன் கிரீனில் பருத்தி மூட்டைகள் மலைமலையாகக் குவிந்திருந்த காலத்தை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

டாக்யார்டு ரோட்டில் இறங்கி எல்லோ கேட் வரை நடந்தோம். அனுமதிச் சீட்டின்றி உள்ளே விடமாட்டார்கள். வெளியில் நின்றபடியே பையனுக்கு விளக்கினேன். பம்பாய்த் துறைமுகக் கழகம் 1873-இல் ஏற்பட்டது. பிரின்ஸஸ் டாக் 1880-இலும் விக்டோரியா டாக் 1888-இலும் திறக்கப்பட்டன. முன்னதைத் தோண்டியபோது, கடல்மட்டத்திற்குக் கீழே நின்ற நிலையிலேயே புதையுண்ட மரங்கள் வெளிப்பட்டனவாம். ஒரு காலத்தில் அவ்விடம் காடாயிருந்ததென்று அறிஞர்கள் கண்டார்கள். மூன்றாவதும் மிகப் பெரியதுமான அலெக்ஸாண்டிரா டாக் 1914-இல் வந்தது. இன்று அதன் பெயர் இந்திரா டாக்.

இந்த டாக்குகளுக்கு ஏன் கதவு என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் ஏறக்குறையப் பதினைந்தடி ஏறி இறங்கும். கடல் வற்றும்போது கப்பல் தரைதட்டாமல் இருக்க வேண்டுமானால் உள்ளே நீரைத் தேக்கி வைக்க வேண்டும். இந்திரா டாக்கின் நுழைவாயில் 750 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்ட ஒரு நீர்த்தொட்டி. இரு புறமும் கதவு. கப்பல் அதற்குள் வந்து நின்றதும் நீர்மட்டத்தைச் சமன்செய்து உள்ளே விடுவார்கள். எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது. அந் நூறடி அகலமே பின்னர் இத் துறைமுகத்திற்கு வினையாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே நம்மவர் பலர் பிழைத்தார்கள். நாள்தோறும் விடியலில் வாயிலில் கூடி, டோலிவாலா என்னும் ஆள்கட்டி எவனைக் கைகாட்டுகிறானோ அவனுக்கு அன்று கஞ்சி என்றிருந்த நிலை, 1948-இல் இயற்றப்பட்ட டாக் தொழிலாளர் சட்டத்திற்குப் பிறகே மாறத் தொடங்கியது. மாதுங்காவிலிருந்து வந்த எழுத்தர்கள் பல்லார்டு எஸ்டேட்டின் கப்பல் அலுவலகங்களில் தட்டெழுத்துப் பொறியின்முன் அமர்ந்தார்கள். தாராவியிலிருந்து வந்தவர்கள் சுமை தூக்கினார்கள். ஒரே ஊர்க்காரர்களாயினும் இவர்கள் இருவரும் கப்பல் தட்டில் சந்தித்துக்கொண்டது அபூர்வம். நான் இரண்டுக்கும் நடுவே, சுங்கக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் கொக்கியால் இழுத்து, வலையில் கட்டி, விஞ்சினால் தூக்கி இறக்குவார்கள். டாலி கிளார்க் கையில் அட்டையுடன் எண்ணுவார். ஒரு கப்பலைக் காலிசெய்ய ஒரு வாரம், சில வேளை மூன்று வாரமும் ஆகும்.

என் தந்தையார் அந்தச் சுமைகாரருள் ஒருவர். 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் விக்டோரியா டாக்கில் நின்ற 'போர்ட் ஸ்டிகின்' கப்பலில் தீப்பற்றியது. ஒரே கப்பலில் பருத்தியையும் ஆயிரத்து நானூறு டன் அளவுக்கு வெடிமருந்தையும் ஏற்றியிருந்தார்கள்! மாலை நான்கு மணிக்குச் சற்றுப்பின் ஒரு முறையும், அரைமணிக்குள் மறுமுறையும் வெடித்தது. சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவி கூட அதிர்ச்சியைப் பதிந்தது. எண்ணூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். தீயணைப்புப் படையினரே அறுபத்தாறு பேர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் நாடெங்கும் கொண்டாடப்படும் தீயணைப்பு வாரம் அவர்கள் நினைவாகவே. அன்று தந்தையாருக்கு அலெக்ஸாண்டிரா டாக்கில் முறை, அதனால் பிழைத்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் பட்டாசுச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

விக்டோரியா டாக்கும் பிரின்ஸஸ் டாக்கும் இன்று நீர்நிலைகளே அல்ல; மண்ணிட்டு நிரப்பிவிட்டார்கள். 1915-இல் பல்லார்டு பியரிலிருந்து வடாலா வரை திறக்கப்பட்டு, இரு பெரும் ரயில்வேக்களோடும் துறையை இணைத்த துறைமுக ரயில்வேயின் தண்டவாளங்களில் நாங்கள் கண்டவரை புல் முளைத்திருந்தது. துறைமுகம் இறந்துவிட்டதென்று எண்ண வேண்டா. இந்திரா டாக்கில் மோட்டார் கார்களும் எஃகும் ஏறி இறங்குகின்றன. ஜவஹர் தீவில் நிற்கும் எண்ணெய்க் கப்பல்களிலிருந்து கடலடிக் குழாய் வழியே நம் செம்பூருக்கு அடுத்த சுத்திகரிப்பு ஆலைகளுக்கு எண்ணெய் போகிறது. ஆனால் மனிதத் தோளுக்கு அங்கே வேலை இல்லை. வாயிற்காவலரிடம் தரகர் சொன்ன வேலையைப் பற்றி மெல்ல விசாரித்தேன். அவர் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்டெய்னர் எல்லாம் அக்கரைக்குப் போய் எவ்வளவு காலமாயிற்று, காகா!" என்றார்.

அக்கரைக்கே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். பக்கத்திலேயே பாவ்சா தக்கா இருக்கிறது. அங்கிருந்து உரணை அடுத்த மோராவுக்கு மோட்டார்ப் படகு உண்டு. ஏறத்தாழ ஒரு மணிப் பயணம். இடப்புறம் ஜவஹர் தீவும் அதன் பின்னே எலிபண்டாவும் தோன்றின. அதற்கும் அப்பால், வானத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் வரிசையாகக் கழுத்தை நீட்டியதுபோல் கிரேன்கள். "தாத்தா, அதுதானா?" என்றான் பையன். அதுதான் நாவா சேவா. ஜவஹர்லால் நேருத் துறைமுகம்.

கடலின் நடுவில் வைத்து அவனுக்கு மீதிக் கதையைச் சொன்னேன். 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, 58 இரும்புப் பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கைத் தொடாமல் பெட்டியையே தூக்கி வைக்கும் இந்த வித்தை உலகமெங்கும் பரவியது. பெட்டி பெருகக் கப்பல் பெருத்தது. நூறடி வாயிலுக்குள் அது எப்படி நுழையும்? நுழைந்தாலும் பெட்டிகளை அடுக்கப் பரந்த நிலம் வேண்டும். லாரிகள் வெளியேற வழி வேண்டும். நகரத்தின் கழுத்துக்குள் இருந்த பழைய துறைக்கு இவ்விரண்டும் இல்லை. ஆகவே 1989 மே மாதம் எதிர்க்கரையில் புதுத் துறைமுகம் தொடங்கப்பட்டது. நான் பணியில் இருந்தபோதே எங்கள் கோப்புகள் ஒவ்வொன்றாக அக்கரை செல்வதைக் கண்டேன். அதன் பொருளை அன்று உணரவில்லை.

மோராவிலிருந்து ஆட்டோவில் உரண். உரணிலிருந்து ரயிலில் இரண்டாவது நிலையம் 'நாவா சேவா'. 2024 ஜனவரி 12-இல் திறந்த பாதை இது. அங்கிருந்து துறைமுகச் சாலைக்குச் சென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் டிரெய்லர் லாரிகள். 2023-24-ஆம் ஆண்டில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 64 இலட்சத்துக்கு மேல் இங்கே ஏறி இறங்கின. துறைமுகக் கழகம் நிலத்துக்கும் கடற்கால்வாய்க்கும் உடைமையாளர். 1990-களின் இறுதியிலிருந்து முனையங்களைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. ஒரு கிரேன் மணிக்கு இருபத்தைந்து முப்பது பெட்டிகளைத் தூக்கும். ரயில் பாதை ஜாசாய், பன்வேல் வழியே வடநாட்டுக்கு ஓடுகிறது. தில்லியை அடுத்த துக்ளகாபாத்தில் இறங்கும் பெட்டியை அங்கேயே சுங்கம் சோதித்துக்கொள்ளும். சாலைகள் பன்வேலை நோக்கிச் சென்று புணே, கோவா, தாணா வழிகளில் பிரிகின்றன. நம் வீட்டு வாசலில் இரவில் ஓடும் லாரிகளின் பிறப்பிடம் இதுவே.

சாலையோரத் தேநீர்க் கடையில் நாமக்கல் பதிவெண் கொண்ட லாரியின் ஓட்டுநர் ஒருவரைக் கண்டு பேச்சுக் கொடுத்தேன். தரகரின் பேச்சைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "ஐயா, உள்ளே கப்பலிலிருந்து சுமை இறக்க எந்த ஆளும் இல்லை. கிரேன் மேலே ஒருவர், கீழே பெட்டியின் பூட்டைக் கழற்றச் சிலர். பெட்டியைப் பிரித்து மூட்டை எடுப்பதெல்லாம் வெளியே இருக்கிற சரக்கு நிலையங்களில். அங்கே காண்ட்ராக்ட் கூலி. குடியிருப்பு யார் கொடுப்பார்கள்?" என்றார். பிறகு பையனின் படிப்பைக் கேட்டு, "காகித வேலை பாரப்பா" என்றார்.

காகித வேலை! அதைத்தானே நானும் பார்த்தேன். ஆனால் இன்று காகிதம் இல்லை. இறக்குமதிப் பத்திரமும் ஏற்றுமதிப் பத்திரமும் கணினி வழியே சுங்கத்துக்குப் போகின்றன. சுங்கத் தரகர் அலுவலகத்தில் சேர்பவனுக்கு முதலில் 'எச் கார்டு'. சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறினால் 'ஜி கார்டு'. அதற்கு வேண்டியது சட்ட அறிவும் பொறுமையுமே. அறுபதாயிரம் ரூபாய் அன்று. இதைப் பையனுக்குச் சொல்லும்போது, நான் உயர்வாக மதித்திருந்த டாலி அட்டை, கொக்கி, விஞ்சு முதலியவற்றைப் பற்றிய என் அறிவு அவனுக்கு ஒரு காசுக்கும் உதவாது என்பது எனக்கே உறைத்தது. சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது நெரூலில் மாறி, வாசிப் பாலத்தைக் கடந்து, குர்லா வழியே காட்கோபர் வந்து சேர இரண்டு மணிக்குக் குறையவில்லை. உரண் வண்டி ஒன்று தவறினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சிவ்ரியிலிருந்து கடல்மேல் செல்லும் 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேது காருள்ளவர்க்கு மிகச் சுருக்கமான வழி. மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அதில் அனுமதி இல்லை. ஆகவே அக்கரையில் வேலை பார்க்கப் போகும் நம் இளைஞர்கள், காட்கோபரிலிருந்து நாளும் நான்கு மணி பயணம் செய்வதா, பன்வேல் பக்கம் வீடு பார்ப்பதா என்பதை முதலிலேயே வீட்டாருடன் பேசிக்கொள்வது நலம். தாராவியிலும் செம்பூரிலும் நம் முன்னோர் குடியேறியதும் வேலைக்கு அருகென்று கருதித்தானே! துறைமுகமோ இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பால்கர் மாவட்டத்து வாதவனில் மற்றொரு பெருந்துறைமுகத்திற்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

வாசிப் பாலத்தின்மேல் வண்டி வரும்போதே பையன் தாய்க்குத் தொலைபேசினான். "சங்கிலியை எடுத்து உள்ளே வை அம்மா" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

இப்பொழுது பேலாப்பூரில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறான். சம்பளம் அந்தத் தரகர் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். காலை ஆறரைக்கெல்லாம் இட்லிப் பொட்டலத்துடன் கிளம்பிவிடுகிறான்; இரவில் என் மேசையில் அமர்ந்து சுங்கச் சட்டம் படிக்கிறான். புரியாத இடத்தில் என்னைக் கேட்கிறான். சிலவற்றுக்கு எனக்கு விடை தெரிகிறது.

இவ் வட்டப் பயணத்தைக் குடும்பத்தோடு செய்ய விரும்பும் அன்பர்கள் படகிலேயே முதலில் போய் ரயிலில் திரும்புவது நன்று. கடல் மிக வற்றிய வேளையில் மோராத் துறை சேறு தட்டிப் படகு நின்றுவிடுவதுண்டு. ஆகையால் பாவ்சா தக்காவில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு சீட்டு வாங்கவும்.