முதல் ஆண்டு வண்டி

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், நமது பங்கைச் சேர்ந்த தம்பதியர் இருவர் வந்து நின்றனர். கணவர் கையில் வழவழப்பான வண்ணத் தாள்கள். மனைவியின் கையில் பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த ஒரு கணக்கு நோட்டு. ஏதோ குடும்பச் சச்சரவு என்று எண்ணி, உள்ளே வரச் சொன்னோம். சச்சரவுதான், ஆனால் அது ஒரு வண்டியைப் பற்றியது.

"வண்டி ஒண்ணு வாங்கப் போறோம் சாமி. புது மாடல். வந்து ரெண்டு மாசம்கூட ஆகல்ல. எனக்கு அதுதான் வேணும். இவ வேண்டாங்கா. நீங்க சொல்லுங்க."

குருமடத்தில் நாம் பயின்றது தத்துவமும் இறையியலும், இயந்திரவியல் அன்று. நமக்கென்றிருப்பது ஒரு பழைய இருசக்கர வாகனம். அதுவும் மழைக்காலத்தில் நாம் தள்ளிக்கொண்டு போவதைப் பங்கு மக்கள் அனைவரும் கண்டிருக்கின்றனர். அவ்வாறிருக்க நம்மிடம் இதைக் கேட்க வந்தது வேடிக்கையே. எனினும் அவர்களுடைய முகத்தில் வேடிக்கை ஏதும் இருக்கவில்லை.

கணவர் அதிகாலையில் கடற்கரை ஏலத்தில் சாளையும் அயிலையும் நெத்தோலியும் எடுத்து, ஐஸ் இட்டு, கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அவருடைய வண்டிக்கு வயது பதினொன்று. ஐஸ் கரைந்த உப்பு நீர் நாள்தோறும் வடிந்து வடிந்து, அடித்தளத் தகட்டை இருமுறை வெட்டி ஒட்டியாயிற்று. இப்போது அதே நிறுவனம் அந்த வண்டியை அடியோடு மாற்றி அமைத்து வெளியிட்டிருக்கிறது. இயந்திரம் புதிது, மின் அமைப்பு புதிது, முகப்பும் புதிது. பழைய மாடலில் விற்காமல் நிற்கும் சில வண்டிகளையும் விலை குறைத்துத் தருவதாக விற்பனையாளர் கூறியிருக்கிறார். முன்பணத்திற்கு மனைவியின் நகை. மீதி முழுவதும் தவணை.

நமக்கு உடனே விடை கூற நா எழவில்லை. ஏனெனில் இதே கேள்விக்கு நாம் முன்னர் இருமுறை விடை கூறி, இருமுறையும் தவறியிருக்கிறோம்.

முதலாவது, 2005ஆம் ஆண்டு. அந்த மே மாதத்தில் டாடா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு சுமை வண்டியை வெளியிட்டது. இரண்டே சிலிண்டர், ஏறக்குறைய எழுநூறு சி.சி., பதினாறு குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. மூன்று சக்கர வண்டியின் வேலையை நான்கு சக்கரத்தில் செய்வது. அதைக் 'குட்டி யானை' என்று நம் மக்கள் பின்னாளில் செல்லமாக அழைக்கத் தொடங்கினர். அன்றோ அதன் பெயர்கூட வாயில் நுழையவில்லை. அப்போது நாம் பணியாற்றிய பங்கில் வாழைக்குலை வியாபாரி ஒருவர் நம்மிடம் வந்து யோசனை கேட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், நாம் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த இடத்தில், விடுதிக்கென வாங்கிய புத்தம் புதிய மாடல் வேன் ஒன்று ஓராண்டிற்குள் மும்முறை கியர் பெட்டி பழுதாகி, விடுதிப் பிள்ளைகள் அதைத் தள்ளுவதையே உடற்பயிற்சியாகக் கொண்டிருந்தனர். அந்தச் சூடு ஆறாத நாம், "ஓராண்டு பொறுத்துப் பாருங்கள்" என்றோம். அவர் பொறுத்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்கவில்லை. பெரிய லாரி நுழையாத சந்துகளில் இருந்த கடைகளை எல்லாம் அந்தச் சிறு வண்டியில் நேரே சென்று பிடித்துக்கொண்டார். நம் பேச்சைக் கேட்டவர் மறு ஆண்டு அதே வண்டியை வாங்கியபோது வண்டி இருந்தது, கடைகள் இல்லை. அவர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை என்பது இன்றும் நமக்கு உறுத்தலாகவே உள்ளது.

இரண்டாவது, 2021ஆம் ஆண்டு. இதற்குச் சற்று விளக்கம் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் புதிய வாகனங்கள் அனைத்தும் பி.எஸ்.6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டன. நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி ஒரே தாவலாக ஆறுக்குச் சென்றனர். எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கிலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டது. டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்தது. பிடித்துவைத்த கரி, புகை நன்கு சூடேறும்போது தானாக எரிந்து போகும்; நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் இது இயல்பாக நடந்துவிடும். ஆனால் நூறடிக்கு ஒருமுறை நின்று நின்று, சந்துக்குள் ஊர்ந்து செல்லும் வண்டியில் அந்தச் சூடு ஏறாது, கரி சேர்ந்துகொண்டே போகும், முகப்பில் விளக்கெரியும், பின்னர் வண்டி வேகமெடுக்க மறுக்கும். வீடு வீடாகக் குடிநீர்க் குப்பி போடும் நம் பங்கு இளைஞர் ஒருவருக்கு, முந்தைய தவற்றை மனத்திற்கொண்டு, "துணிந்து வாங்கு தம்பி" என்று நாம்தான் ஊக்கமூட்டினோம். விளக்கெரிந்தது. எந்த விளக்கு எதற்கென்று உள்ளூர் மெக்கானிக்கிற்குத் தெரியவில்லை. அதைப் படித்துச் சொல்லும் கருவி அவரிடம் இல்லை. வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று காத்துக் கிடந்த நாள்களில் குப்பி போடவும் முடியவில்லை, தவணை நிற்கவும் இல்லை. இது இயந்திரத்தின் குற்றம்கூட அன்று. அந்தப் புது ஏற்பாடு எவ்வகை ஓட்டத்திற்கு ஒத்துவரும், எவ்வகைக்கு வராது என்பதை ஊரில் ஒருவரும் அறிந்திராத காலத்தில் அவர் வாங்கினார், அவ்வளவே.

ஆகவே இம்முறை நாம் பேசுமுன் சற்றே விசாரித்தோம், படித்தும் பார்த்தோம். பெரிய நிறுவனம் என்ற பெயரை மட்டும் நம்பலாகாது என்பது தெளிவாயிற்று. குட்டி யானையை வெற்றியாக்கிய அதே நிறுவனம் 2009இல் நானோ காரை மக்களிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டே சில கார்கள் தீப்பற்றிய செய்தி நாடெங்கும் பரவி, கூடுதல் பாதுகாப்பு அமைப்பை இலவசமாகப் பொருத்தித் தரவும், உத்தரவாதக் காலத்தை நான்கு ஆண்டுகளாக நீட்டவும் நேர்ந்தது. 2018இல் அக்காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று. உழைப்புக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் விலக்கன்று. அமெரிக்காவில் விற்கும் 'டண்ட்ரா' என்னும் பெரிய பிக்கப் வண்டியை 2022ஆம் ஆண்டு மாடலில் அடியோடு மாற்றி, பழகிய எட்டு சிலிண்டர் இயந்திரத்தை நீக்கிப் புதிய ஆறு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தியது. இயந்திரம் கடையும்போது சிதறிய உலோகத் துகள்கள் சிலவற்றின் உள்ளேயே தங்கிவிட்டன என்று கூறி, 2024இல் ஏறக்குறைய ஒரு இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வண்டியின் வடிவம் காகிதத்தில் சரியாக இருக்கலாம். புதிய பட்டறையில் புதிய கைகள் அதைச் செய்து பழகுவதற்கும் ஒரு காலம் வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் முதல், பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கட்டளையிட அரசுக்கு விதி உண்டு. நல்லதே. ஆனால் பிரேக் பிடிக்காதது பாதுகாப்புக் குறை. வண்டி காலையில் கிளம்பாததை அவ்வாறு எடுத்துக்கொள்வார்களா? உத்தரவாதம் என்பதும் பழுதான பாகத்திற்கே ஒழிய, அன்று விற்காமல் கெட்டுப்போன மீனுக்கு அன்று.

இவற்றை எல்லாம் நாம் கூறக் கூற, கணவர் பொறுமையிழந்து கேட்டார்: "எல்லாரும் இப்படியே காத்துக்கிடந்தா, மொதல்ல யாருதான் சாமி வாங்குவா?"

இந்தக் கேள்வி நம்மை உண்மையாகவே மடக்கிற்று. அவர் கடற்கரை மகன். அவருடைய தந்தை கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கட்டுமரத்திற்கான இலேசான மரங்கள் அருகிவந்த நிலையில், 1980களின் தொடக்கத்தில், நம் முட்டத்துப் படகு கட்டும் நிலையத்தில், பிளைவுட் பலகைகளைத் தைத்து ஒட்டிப் புது வகைப் படகுகள் செய்தார்கள். கோட்டாறு சமூக சேவைச் சங்கமும், ஷூமாக்கர் தோற்றுவித்த இங்கிலாந்துத் தொழில்நுட்பக் குழுவும் அதில் துணை நின்றன. அதில் உழைத்த பியேர் ஜில்லே என்பவர் 1985இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். 'சிறியதே அழகு' என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்பைத் திருப்பிப்போட்டு, 'சிறியது கடினம்' என்று பொருள்படத் தம் நூலுக்குப் பெயரிட்டார். அப்பெயரிலேயே பாதிக் கதை அடங்கியிருக்கிறது. பலகை கடலில் தாங்குமா, அலையில் ஒடியுமா என்பதை யாரோ சிலர் முதலில் ஏறிப் பார்த்திராவிடில், இன்று நம் கரைகளில் புதுவகை வள்ளங்கள் ஏது?

"உண்மைதான்" என்றோம். "ஆனால் அங்கே அந்தச் சோதனைக்கென்றே நிறுவனங்கள் துணை நின்றன. குறை கண்டால் செய்தவரிடமே நடந்துபோய்ச் சொல்லலாம். அவரும் முட்டத்திலேயே இருந்தார். உம்முடைய வண்டி ஒரு நாள் நின்றால், அந்தச் சோதனைக்குச் செலவு செய்பவர் யார்?"

அவர் பேசவில்லை. மனைவி நோட்டைத் திறந்தார். தவணை, டீசல், ஐஸ், ஏலத்தில் வைக்க வேண்டிய பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அதில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. வண்டி தொடர்ந்து எத்தனை நாள் நின்றால் நகை மூழ்கும் என்று நாம் கேட்டோம். அவர் கூட்டிப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். "பதினெட்டு நாள் சாமி."

அதன்பின் பேச்சு வண்டியிலிருந்து விலகி நாள்களுக்கு வந்தது. முகப்பும் இருக்கையும் மட்டும் மாறியிருந்தால் நாம் தயங்கியிருக்க மாட்டோம். மாறியிருப்பதோ இயந்திரமும் மின் கம்பிகளும். இந்த வண்டியைப் பாலைவனத்து வெயிலிலும் பனிமலைக் குளிரிலும் ஓட்டிப் பார்த்ததாக வண்ணத்தாளில் அச்சிட்டிருந்தது. ஐஸ் நீர் வடிய வடிய நம் கடற்கரை உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் அது நின்றதில்லை. நிற்பதற்கு நாளும் ஆகவில்லை. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் மிக அருகில் எங்கிருக்கிறார் என்று கேட்டுவரச் சொன்னோம்.

பழைய மாடலில் மிச்சமிருப்பதை வாங்குவதைப் பற்றியும் பேசினோம். அதன் நோய்கள் எல்லாம் ஊரறிந்தவை. நாகர்கோவிலில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் விலைக் குறைப்பிலும் ஒரு கண் வேண்டும். 2017 மார்ச்சு 29ஆம் நாள், பி.எஸ்.3 வண்டிகளை ஏப்ரல் முதல் விற்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எஞ்சிய இரண்டு நாளில் இருசக்கர வண்டிகளை வாரி வழங்கியதும் மக்கள் முண்டியடித்ததும் நினைவிருக்கலாம். இப்போது அப்படியொரு கெடு இல்லை எனினும், வண்டி செய்த மாதத்தையும் ஆண்டையும் தகட்டில் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். ஓராண்டு வெளியில் நின்ற வண்டியைப் புதிதென்று வாங்கலாகாது.

மறுவாரம் இருவரும் வந்தனர். புது மாடலைப் பழுது பார்க்கும் கருவியும் பயிற்சியும் உள்ள இடம் நாகர்கோவிலில் ஒன்றே ஒன்று; பழைய மாடலில் மிச்சம் நின்றவை பதினான்கு மாதம் முந்தியவை. இரண்டையும் விட்டுவிட்டு, இருக்கும் வண்டியின் இயந்திரத்தைப் பிரித்துச் சீர் செய்து, தகட்டையும் மாற்றி, இரண்டு மழைக்காலம் ஓட்டுவதென்று முடிவு செய்திருந்தனர். நகை வீட்டிலேயே இருக்கிறது. முடிவு மனைவியுடையது என்பதைக் கணவரின் முகமே சொல்லிற்று.

சென்ற வாரம் ஏலக்கரையில் அவரைக் கண்டோம். அதே சந்தைக்குப் போகும் மற்றொரு வியாபாரி அந்தப் புது மாடலை வாங்கிவிட்டாராம்; நாள்தோறும் அவருக்கு முன்னால் அது வெள்ளை வெளேரென்று போகிறதாம்.

"ஆறு மாசம் ஆச்சு சாமி. இதுவரைக்கும் ஒரு நாள்கூட நிக்கல்ல."

சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்காலம் இன்னும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. ஏலம் தொடங்கியது, அவர் சாளைக் குவியலை நோக்கிப் போய்விட்டார்.